அண்ணாவுக்கு நான் வைத்த பரீட்சை

ஜூலை 2, புதன்

எரிமலைகள் பற்றிய புத்தகத்தை இன்றும் நூலகத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கிறது. நூலகர் முறைப்பார். முறைக்கட்டும்.

அம்மா திரைச்சீலைக் கடையிலிருந்து வந்தபோது உடையெல்லாம் நூல் ஒட்டியிருந்தது. அண்ணா ஒவ்வொன்றாக எடுத்தான். இது தினமும் நடப்பது. பிறகு அம்மா கைப்பையிலிருந்து அடுப்பின் திருகுகளை எடுத்து மாட்டிச் சமைத்துவிட்டு, மறுபடி கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அண்ணா ஒருமுறை கேஸைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தை ரசித்துக்கொண்டு நின்றான். அதிலிருந்து இப்படித்தான். நம் வீட்டு அடுப்பும் உன்னோடு வேலைக்குப் போய் வருகிறது என்று நான் சொன்னால் அம்மா சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் அண்ணாவுக்குப் பதினெட்டு முடிகிறது. அவனுடைய சிறப்புப் பள்ளியில் அதற்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கோர்ட்டிலிருந்து ஒரு மேடம் பதினெட்டாம் தேதி வீட்டுக்கு வந்து அவனைப் பார்க்கப்போகிறாராம். எதற்கு என்று கேட்டேன்.

"ஸ்கூல் முடிஞ்சப்புறம் அவனுக்கு என்னங்கறது அவங்க எழுதறதுலதான் இருக்கு. நீ உன் படிப்பைப் பாரு."

அதாவது, பரீட்சை. அண்ணாவுக்கு இதுவரை யாரும் பரீட்சையே வைத்ததில்லை.

ஜூலை 5, சனி

ஆரம்பித்துவிட்டேன். அம்மா கடைக்குப் போனதும் வகுப்பு. கேள்விகள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அண்ணாவின் பள்ளியில் பெற்றோரை வைத்துக்கொண்டு கேட்பார்கள். பெயர், முகவரி, சமையல், கடை, பேருந்து, மருந்து. நானும் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வரிசைகூட மாறாது.

"நீ பாப்பா. மிஸ் இல்ல" என்றான்.

இப்போது மட்டும் மிஸ் என்றேன்.

"மிஸ்ஸுக்குக் கண்ணாடி இருக்கும்."

நியாயம்தான். அம்மாவின் தையல் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அவனுக்கு மரியாதை வந்துவிட்டது. ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அவன் மணிக்கட்டில் பேனாவால் ஒரு ஸ்டார்.

ஜூலை 10, வியாழன்

முகவரி வந்துவிட்டது! மாடி எண் முதற்கொண்டு.

"தனியா வெளிய போவீங்களா?" என்று கேட்டால், "கடைக்குப் போவேன். ரொட்டி வாங்குவேன். மீதிச் சில்லறைய எண்ணி வாங்குவேன்" என்கிறான். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம். உண்மையில், முனைக் கடைக்காரர் அண்ணா வருவதைப் பார்த்ததுமே ரொட்டியை எடுத்து வைத்துவிடுவார். கையிலிருக்கும் நோட்டைத் தானே எடுத்துக்கொண்டு, மீதியை அண்ணாவின் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டுவிடுவார். ஆனால் வாக்கியம் முழுப் பொய் இல்லை. கடைக்குப் போகிறான். ரொட்டி வருகிறது. எண்ணுவது மட்டும் கடைக்காரர்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவின் போன். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நான்கு வருடமாக வேறு வீடு, வேறு அம்மா, இப்போது ஒரு குட்டித் தம்பியும். எங்களுக்கான பணம் கோர்ட் சொன்னபடி மாதாமாதம் வருகிறது, குரல் ஞாயிறுதோறும் வருகிறது.

அண்ணா போனைப் பிடுங்கி முகவரியையும் ரொட்டி வாக்கியத்தையும் ஒப்பித்தான். அப்பாவால் நம்ப முடியவில்லை. யாருடா சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, "மிஸ்" என்றான். நான் திருத்தவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல. அவன் கொஞ்சம் லேட்டா வர்ற லிஃப்ட், அவ்வளவுதான். மாடிக்கு வந்து சேருவான்" என்றார் என்னிடம். குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுகிறாரோ?

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மேடம் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அம்மா இன்னும் கடையில். கதவைத் திறந்தது நான்.

எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வருகிறவருக்கு டீ போட வேண்டும் என்று காலையிலேயே அடுப்புத் திருகுகளை அம்மாவிடம் வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கு விடுப்பு. அண்ணா கதவைத் திறந்தால் தெரிவதற்காக அம்மா கட்டியிருக்கும் மணியை அவிழ்த்தேன். அலமாரியில் ஒட்டியிருந்த படங்களை – சட்டைக்குச் சட்டைப் படம், ஜட்டிக்கு ஜட்டிப் படம் – உரித்தேன். அவன் மெத்தை மேலிருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாரோ ஒருவர் வருகிற வீடு பார்க்க வீடு மாதிரி இருக்க வேண்டாமா?

மேடம் மெதுவாகப் பேசினார். கேள்விகள் கிட்டத்தட்ட அதே வரிசை. அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் என்னைப் பார்த்தான். நான் கண்ணால் ஸ்டார் போட்டேன். நான் போட்ட டீயை அவன்தான் கொண்டுபோய் வைத்தான். "நீயா போட்டே?" என்று மேடம் கேட்டார். "ஆமா" என்றான். எதைக் கேட்டாலும் ஆமாம் சொல்வான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவன் கடைக்குப் போனான். மேடம் தள்ளி நின்று பார்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கடைக்காரர் செய்வதெல்லாம் அண்ணா செய்வது போலத்தான் இருந்தது.

அம்மா மூச்சிரைக்க வந்தபோது மேடம் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"எல்லாம் பார்த்தேம்மா. ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்க."

அம்மா சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். இப்படி ஒருவர் அவளிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

நூற்றுக்கு நூறு.

ஜூலை 19, சனி

எரிமலைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். நூலகர் முறைக்கவேயில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எப்படி எழுதுவது.

வக்கீலம்மாவின் அறைக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனாள். மேடத்தின் அறிக்கை வந்திருந்தது. வக்கீலம்மா வாசித்தார். தேநீர் தயாரிக்கிறார். தனியாகக் கடைக்குப் போய் வருகிறார். வீட்டில் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடுகள் எதுவும் காணப்படவில்லை. பயிற்சி அளித்தால் சம்பாதிக்க முடியும்.

நான் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாவுக்கு அப்பா தரும் ஜீவனாம்சம் பதினெட்டு வயதோடு நின்றுவிடும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை என்று கோர்ட் ஒப்புக்கொண்டால் மட்டும்தான் தொடரும். மேடம் வந்தது அதைப் பார்க்கத்தான். முடியாது என்று அவர் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கு அப்புறம் அண்ணாவைப் பகல் மையத்தில் சேர்ப்பதாக இருந்தது. அது இல்லையென்றால் மையம் இல்லை. அம்மா வேலைக்குப் போனால் அண்ணாவோடு யாரும் இல்லை. அம்மா போகாவிட்டால் ஒன்றுமே இல்லை.

தோற்க வேண்டிய பரீட்சையில் அவனை நான் ஜெயிக்க வைத்துவிட்டேன்.

ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லல? எனக்கு எப்படித் தெரியும்? பரீட்சைன்னா நல்லா எழுதணும், அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா தன்னைத்தான் திட்டிக்கொள்கிறாள். நேரத்துக்கு வந்திருந்தால் எல்லாம் சொல்லியிருப்பேனே, ஒரு நல்ல வார்த்தை கேட்டதும் வாயடைத்துப் போனேனே என்று. எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். திருகுகளை என்னிடம் கொடுத்தது அவளுக்கு நினைவிருக்காதா? மணியை நான் மறுபடி கட்டியதைப் பார்த்திருக்க மாட்டாளா? என்னைச் சந்தேகப்படவே அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் பங்குப் பணம் நிற்காது. எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் காலம் இருக்கிறது. என்னால் நன்றாகக் கடைக்குப் போகவும் டீ போடவும் முடியும், ஆனால் எனக்குப் பணம் வரும்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். அவனுக்காக மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. "இந்தப் பையனுக்கு ஒன்றும் இல்லை" என்று யாராவது பெரியவர்கள் எழுதித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்படி எழுதிவிட்டால், பிற்பாடு நான் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் படிக்கப் போகலாம். அம்மாவுக்கு அப்புறம் அண்ணாவை யார் பார்ப்பது என்று பெரியவர்கள் பேச்சு எடுத்துவிட்டு என்னைப் பார்க்க மாட்டார்கள். அலமாரியில் இருந்த ஜட்டிப் படத்தை உரித்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஆகஸ்ட் 9, சனி

அண்ணாவின் பிறந்தநாள். அப்பா ஒரு சட்டையோடு வந்தார். அண்ணா அதை அப்போதே, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டான்.

"இனிமே நீ பெரிய ஆளுடா. உன் அட்ரஸ் சொல்லு பார்க்கலாம்" என்றார் அப்பா.

அவர் கேட்டது அந்த ஒன்றுதான். அண்ணா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். முகவரி, டீ போடுவேன், ரொட்டி வாங்குவேன், மீதிச் சில்லறைய எண்ணி வாங்குவேன், சிவப்பு பஸ்ல ஏறுவேன், சாப்பிட்டப்புறம்தான் மருந்து. கேள்வியே இல்லாமல் பதில்கள் மட்டும், வரிசையாக, மூச்சு விடாமல். முடித்ததும் மணிக்கட்டை என்னிடம் நீட்டினான்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முன்னாலும். கண்ணாடி போட்டது முதல் ரப்பர் விரிப்பு வரை.

"அப்போ கடை?" என்றார் அப்பா.

"கடைக்காரர்தான்பா எண்ணுவார்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "இப்படிச் சொல்லணும்னு உங்கம்மா சொல்லிக்கொடுத்தாளா?" என்று கேட்டுவிட்டு, அண்ணாவின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். இந்த வீட்டில் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான்தான்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஜட்டிப் படத்தையும் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகி, அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வக்கீலம்மாவிடம் மறுபடி எல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ பேசாம வக்கீலுக்குப் படிம்மா. சாட்சிய இவ்வளவு அழகாத் தயார் பண்ண எங்க ஜூனியருக்கு இன்னும் வரல."

பிறகு, சின்னப் பெண் இப்போது மாற்றிச் சொல்கிறாள் என்று எதிர்த்தரப்பு சொல்லும், இன்னொரு தடவை நேரில் பார்க்கச் சொல்லி மனு கொடுப்பதுதான் வழி என்றார். எதிர்த்தரப்பு என்றால் அப்பா.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அண்ணாவின் பள்ளி முடிந்துவிட்டது. அம்மா அவனைக் கடைக்கே கூட்டிப்போகிறாள். பின்னறையில் துணிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். பள்ளி விட்டதும் நான் அங்கே போய்க் கூட்டிவருகிறேன். இன்று ஒரு வெல்வெட் சுருளை முழுக்கப் பிரித்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு தூங்கிப்போயிருந்தான். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும், "இது கடைம்மா, காப்பகம் இல்ல. இந்த மாசம் பார்க்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா வெல்வெட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே தலையாட்டினாள்.

வரும் வழியில், இன்றைக்கு வகுப்பு உண்டா என்று அண்ணா கேட்டான். இல்லை என்றேன். ஏன் என்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

மேடம் மறுபடி வந்தார். இந்தத் தடவை அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார். நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. மணி கதவில் இருந்தது, படங்கள் அலமாரியில், விரிப்பு மெத்தையில். மேடம் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

கேள்விகளைத் தலைகீழாகக் கேட்டார். முதலில் மருந்து. அண்ணா முகவரியைச் சொன்னான். அடுத்து பஸ். டீ போடுவேன் என்றான். ஏதோ சரியில்லை என்று அவனுக்கே தெரிந்து, என் பக்கம் திரும்பினான். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு கடை. முனைக் கடை வேண்டாம் என்று, இரண்டு தெரு தள்ளி அவன் போகாத ஒரு கடைக்கு எல்லோரையும் நடத்திப்போனார். யாரும் உதவக் கூடாது. நாங்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம்.

திறந்த கடை, எல்லாம் தெரிந்தது, கேட்டது. அண்ணா போய் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றான். கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். அவன் சிரித்தான். அவள் எடுத்து வைப்பாள் என்று காத்திருந்தான். மறுபடி கேட்டாள். அவன் சட்டைப் பையை விரித்துப் பிடித்தான், மீதியைப் போடுவதற்கு. பின்னால் வரிசை சேர்ந்தது. "சீக்கிரம் சொல்லுப்பா, வேலை இருக்கு" என்றார் ஒருவர். ஒரு பையன் சிரித்தான். அண்ணாவின் சிரிப்பு மட்டும் முகத்திலேயே இருந்தது, ஆனால் கை தொடையில் அடிக்க ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. பிறகு பலமாக.

நான் ஓடப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

இதை எழுதத்தான் வேண்டும். அவன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ரொட்டி என்ற வார்த்தை அவன் வாயில் வந்துவிடக் கூடாது, வந்துவிடக் கூடாது என்று. என் அண்ணா அங்கே அடித்துக்கொண்டு நிற்கிறான், நான் இங்கே நின்று அதை வேண்டுகிறேன்.

சாலையைக் கடந்து போனது அப்பா. இரண்டு பக்கமும் பார்க்காமலே போனார். வண்டிக்காரர் ஒருவர் கத்தினார். அண்ணாவின் கையைப் பிடித்து நிறுத்தி, நோட்டை வாங்கி, ரொட்டியை வாங்கி, மீதியை அவன் பையில் போட்டுப் பொத்தான் போட்டார். அந்தப் பொத்தானைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. திரும்பி வந்து மேடத்தின் முன்னால் நின்றார்.

"போதும் மேடம். எழுதிக்கோங்க."

அண்ணா ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மிஸ், நான் பாஸா?" என்று கேட்டான்.



செப்டம்பர் 13, சனி

பாடம் ஏறவில்லை.

அக்டோபர் 8, புதன்

உத்தரவு வந்தது. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவர் என்பதால், காலவரையறை இன்றி ஜீவனாம்சம் தொடர வேண்டும். அப்பா தரப்பில் ஆட்சேபம் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று வக்கீலம்மா போனில் சொன்னார். வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அம்மா ஒருமுறை படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணா அதை எடுத்து வந்தான். தன் பெயரை மட்டும் அவனுக்கு அடையாளம் தெரியும். விரலை வைத்துக்கொண்டு, "எனக்கு எத்தனை மார்க்?" என்றான்.

வாசிக்கச் சொன்னால் எதை வாசிப்பேன்? இயலாதவர் என்பதையா? பாஸ் என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் சுலபம்.

"அண்ணா, அது பரீட்சையே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

யோசித்தான். "மிஸ் தப்பு பண்ணிட்டாங்களா?"

"ஆமா."

"அப்போ மிஸ்ஸுக்கு ஸ்டார் கிடையாது" என்று சொல்லிவிட்டுத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டான். அவனுக்கு அவ்வளவுதான். எனக்கு அவ்வளவுதான் இல்லை.

நவம்பர் 19, புதன்

ஆங்கிலக் கட்டுரை நாளைக்குக் கொடுக்க வேண்டும். இன்னும் தொடங்கவில்லை.

அம்மா இப்போது கடையில் முழு நாள் வேலை செய்கிறாள். அண்ணாவைக் காலையில் பகல் மையத்து வேன் கூட்டிப்போய் மாலையில் இறக்கிவிடுகிறது. பள்ளி விட்டு நான் வரும்போது வீட்டில் யாரும் இருப்பதில்லை. படிக்க ஒரு மணி நேரம் கிடைக்காதா என்று எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். கிடைத்தால் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேன் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது போன் செய்வதில்லை, நேரில் வருகிறார். அண்ணாவோடு நடந்துவிட்டு வருகிறார். என்னோடு பேச்சு இன்னும் கொஞ்சம் அளந்துதான். அண்ணாவைப் பற்றி அவர் பெருமைப்பட்டதெல்லாம் என் கைவேலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டதே. போன வாரம் போகும்போது என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். நின்று கேட்டார்.

இன்று வேனிலிருந்து இறங்கும்போது அண்ணாவின் கையெல்லாம் நீல வண்ணம். காதிலும் கொஞ்சம். ஓட்டுநர் ஏதோ சொல்ல, அண்ணா அவரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தான். அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மாடி ஏறும்போது, இன்றைக்கு அங்கே என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்."

இத்தனை வருடத்தில் நான் கேட்ட எதற்கும் அவன் ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறான். இல்லையென்றால் நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்கிறான். ஏன் என்று கேட்டேன்.

"அது எங்க மையத்து விஷயம், பாப்பா" என்றான். எனக்காக ஒரு படியில் நின்று, பிறகு முன்னால் ஏறிப் போனான்.

இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.